மிட்நைட் கமாண்டர் மக்கர் செய்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

டெர்மினலில் ஓடும் கோப்பு மேலாளரான மிட்நைட் கமாண்டரில், அதாவது எம்சியில், ஏதாவது வேலை செய்யாமல் போனால் பலரும் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். இல்லையென்றால் அதன் அமைப்புக் கோப்புகளை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். அநேகமாக எதுவும் மாறுவதில்லை. நீங்கள் தட்டும் விசைக்கும் வட்டில் கிடக்கும் கோப்புக்கும் நடுவே ஐந்து பேர் இருக்கிறார்கள்: டெஸ்க்டாப் சூழல், டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்), எம்சி, அதற்குள் ஓடும் ஷெல் (தட்டிய கட்டளைகளை ஓட்டும் நிரல்), கடைசியாகக் கோப்பு முறைமை. இந்த ஐந்தில் யாரிடம் காரியம் நின்றுபோனது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

எம்சியின் பிறப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இதில் பல விஷயங்கள் தானாகவே விளங்கும். 1986-இல் டாஸ் கணினிகளுக்கு வந்த நார்ட்டன் கமாண்டரின் மாதிரியில், 1994-இல் மிகேல் டி இகாசா இதை எழுதத் தொடங்கினார். இரண்டு பலகங்கள், கீழே ஒரு கட்டளை வரி, அதற்கும் கீழே பத்துச் செயல் விசைகள். டாஸில் ஒரு நிரல் ஓடும்போது விசைப்பலகை முழுவதும் அதற்கே சொந்தம். இன்றைய டெஸ்க்டாப்பில் அப்படி இல்லை. எஃப்1, எஃப்10, ஆல்ட்-டேப் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே வேறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எம்சி பற்றிய புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

முதலில் ஒரு சோதனை

ஏதாவது ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால் எம்சியை விட்டு வெளியே வந்து, சாதாரண ஷெல் வரியில் நின்றுகொண்டு, கண்ட்ரோல்-வி அழுத்துங்கள். அடுத்து சந்தேகப்படும் விசையை அழுத்துங்கள். டெர்மினலுக்கு வந்து சேர்ந்தது எதுவோ அது அப்படியே திரையில் தெரியும். உதாரணமாக எஃப்10-க்கு வழக்கமாக ^[[21~ என்று வரும். எஃப்5-க்கு ^[[15~ வரும்.

எதுவுமே தெரியவில்லையா? அப்படியென்றால் விசை டெர்மினலைத் தாண்டவே இல்லை. எம்சிக்குள் எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் கிடையாது. ஏதோ ஒன்று தெரிகிறது, ஆனால் எம்சி கண்டுகொள்ளவில்லையா? அப்போது அந்தக் குறியீட்டை எம்சிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எஃப்9 அழுத்தி ஆப்ஷன்ஸ் பட்டியலுக்குள் லேர்ன் கீஸ் என்ற இடத்துக்குப் போனால் விசைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பெயரைத் தேர்ந்தெடுத்து, கேட்கும்போது அந்த விசையை அழுத்தினால் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதைச் சேமிக்க மறக்காதீர்கள்.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் மற்ற எதிலும் இறங்க வேண்டாம் என்பது என் திடமான எண்ணம்.

எஃப்10 அழுத்தினால் எம்சி மூடாமல் டெர்மினலின் மெனு திறக்கிறது

டெர்மினல் நிரல் எஃப்10-ஐத் தன் மெனுவுக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. க்னோம் டெர்மினலிலும் எக்ஸ்எஃப்சிஈ டெர்மினலிலும் விருப்பங்களுக்குள் இதற்கென்றே ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. மெனுவைத் திறக்கும் விசை எஃப்10 என்று அதில் குறிப்பிட்டிருக்கும். எஃப்10 மெனுவைத் திறக்காதபடி அதை மாற்றிவிட்டால் போதும். எஃப்1 உதவிப் பக்கத்தைத் திறப்பதும், எஃப்11 திரையை முழுதாக்குவதும் இதே வகைதான். டெர்மினலின் குறுக்குவிசைப் பட்டியலில் போய் விடுவிக்க வேண்டும்.

மடிக்கணினியில் எஃப் விசைகளை அழுத்தினால் ஒலி கூடுகிறது, வெளிச்சம் குறைகிறது என்றால் அது டெர்மினலுக்கும் முன்னாலேயே நடக்கிறது. எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அதுதான் காரணம் என்றால் எஃப்என் பூட்டை மாற்றிவிடுங்கள்.

அமைப்பை மாற்ற உரிமை இல்லாத கணினியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? எஸ்கேப் அழுத்திவிட்டு எண்ணை அழுத்துங்கள். எஸ்கேப், பிறகு 5 என்றால் எஃப்5. எஸ்கேப், பிறகு 0 என்றால் எஃப்10. செயல் விசைகளே இல்லாத விசைப்பலகையிலும் இது வேலை செய்யும். எனக்கு இது இப்போது கை பழகிவிட்டது. எஃப் வரிசை வரை விரலை நீட்டுவதைவிட இதுவே வேகமாக இருக்கிறது.

ஆல்ட் சேர்த்து அழுத்தும் எதுவும் எம்சிக்குப் போகவில்லை

ஆல்ட்-டேப் அழுத்தினால் ஜன்னல் மாறுகிறது, கட்டளை வரியில் பெயரை நிரப்பவில்லை. ஆல்ட்-என்டர் அழுத்தினால் கோப்பின் பெயர் கட்டளை வரிக்கு வர வேண்டும். விண்டோஸ் டெர்மினலில் திரை முழுதாகிறது. தீர்வு முன்னே சொன்னதேதான்: ஆல்ட்டுக்குப் பதில் எஸ்கேப்பைத் தட்டி விட்டுவிட்டு அடுத்த விசையை அழுத்துங்கள். எஸ்கேப், பிறகு டேப். எஸ்கேப், பிறகு என்டர்.

மேக் கணினியில் ஆப்ஷன் விசை விசித்திர எழுத்துகளைத் தட்டுகிறது என்றால், டெர்மினலின் ப்ரொஃபைல் அமைப்பில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் ஆப்ஷனை மெட்டா விசையாகப் பயன்படுத்தும் தேர்வை இயக்குங்கள்.

எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை

இது பழுது கிடையாது, வடிவமைப்பு. எஸ்கேப் என்பது இன்னொரு விசைக்கு முன்னொட்டாகவும் இருப்பதால், அடுத்து ஏதாவது வருமா என்று எம்சி காத்திருக்கிறது. அதனால்தான் ஒரு பெட்டியை மூட எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறது. ஒருமுறை அழுத்தினாலே போதும் என்று ஆக்க, ஆப்ஷன்ஸ் பட்டியலில் கான்ஃபிகரேஷனுக்குள் எஸ்கேப் விசைக்கான பகுதியில் ஒற்றை அழுத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே காத்திருக்கும் நேரமும் இருக்கும். அந்த எண் மைக்ரோ விநாடிக் கணக்கில் இருக்கிறது: 10,00,000 என்றால் ஒரு விநாடி. மிகவும் குறைத்துவிட்டால் எஸ்கேப்பும் எண்ணும் சேர்ந்த வழி கெட்டுவிடும். அதை நம்பியிருப்பவர்கள் பார்த்து மாற்றுங்கள்.

சில சமயம் மட்டும் விசைகள் வேலை செய்வதில்லை

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு அடிக்கடி நேர்வது இது. காலையில் ஓடிய குறுக்குவிசை மாலையில் ஓடாது. விசைப்பலகை தமிழ்99-க்கோ வேறு தமிழ் அமைப்புக்கோ மாறியிருக்கும், கவனித்திருக்க மாட்டோம்.

இதில் குழப்பம் என்னவென்றால் எல்லாமே நின்றுபோகாது. எஃப் விசைகளும் அம்புக்குறிகளும் டேப்பும் வழக்கம்போல ஓடும், ஏனென்றால் அவற்றுக்கு மொழி கிடையாது. பல டெர்மினல்களில் கண்ட்ரோல் சேர்த்த விசைகளும் ஓடிவிடும். ஆனால் கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்திவிட்டு அடுத்து ஒரு எழுத்தைத் தனியாக அழுத்தும் கட்டளைகள் எல்லாம் படுத்துவிடும். கோப்பு அனுமதியை மாற்ற கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு சி. குறியிணைப்புக்கு (சிம்லிங்க்) கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு எஸ். பக்கத்துப் பலகத்தில் விரைவுப் பார்வைக்கு கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு க்யூ. அந்த இரண்டாவது எழுத்து தமிழ் எழுத்தாகப் போய்ச் சேரும். எம்சிக்கு அப்படி ஒரு கட்டளை தெரியாது. கேள்விப் பெட்டிகளில் பொத்தானின் எழுத்தை அழுத்தித் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான் நிற்கிறது.

டெர்மினல் ஜன்னலுக்கு மட்டும் எப்போதும் ஆங்கில அமைப்பு இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி உள்ளீட்டு மொழியை நினைவில் வைக்கும் வசதி பல டெஸ்க்டாப்களில் உண்டு.

எல்லைக்கோடுகளுக்குப் பதில் கன்னாபின்னா எழுத்துகள்

பலகத்தின் ஓரத்தில் நேர்கோடு வரவேண்டிய இடத்தில் க்யூ, எக்ஸ், எல் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். அல்லது தொப்பி போட்ட லத்தீன் எழுத்துகள் வரும். எம்சி ஒரு குறியாக்கத்தில் பேசுகிறது, டெர்மினல் வேறொன்றில் கேட்கிறது என்பதே இதன் பொருள். ஷெல்லில் லொகேல் என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள். வரும் பதிலில் யுடிஎஃப்-8 இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அது சரியாக இருந்தால் டெர்மினல் பக்கம் பாருங்கள்: புட்டி மூலம் தொலைக் கணினிக்குப் போகிறவர்கள் அதன் விண்டோ பகுதியில் டிரான்ஸ்லேஷன் என்ற பக்கத்தில் யுடிஎஃப்-8 தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அவசரத்துக்கு, எம்சி என்ற கட்டளையோடு மைனஸ் ஏ (சின்ன எழுத்து) சேர்த்துத் தொடங்கினால் கோடுகளைச் சாதாரண கூட்டல், கழித்தல் குறிகளால் வரையும். அழகு குறையும், வேலை நடக்கும்.

கோடுகள் நன்றாக இருந்து, தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் வரும் வரிகளில் மட்டும் எல்லை முன்னும் பின்னும் நகர்கிறதா? தமிழில் "கொ" என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு அது "க" என்ற எழுத்தும் உயிர்க்குறியுமாகப் பிரிந்து நிற்கிறது. இவை எத்தனை கட்டங்களைப் பிடிக்கும் என்பதில் டெர்மினலும் எம்சியும் ஒரே கணக்கைப் போட்டால் வரி நேராக இருக்கும், இல்லையென்றால் நகரும். எம்சியில் இதற்கு ஒரு பொத்தான் கிடையாது. வேறு டெர்மினல் நிரல் ஒன்றில் திறந்து பாருங்கள், எழுத்துருவையும் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். திரை தற்காலிகமாகக் கலைந்திருந்தால் கண்ட்ரோல்-எல் மறுபடி வரைந்துவிடும். கோப்பின் உள்ளடக்கத்துக்கோ பெயருக்கோ எந்தச் சேதமும் இல்லை, கவலை வேண்டாம்.

மவுஸால் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியவில்லை

மவுஸை எம்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுங்கள். அப்போது டெர்மினலுக்குப் போகும். மவுஸே வேண்டாம் என்பவர்கள் மைனஸ் டி (டெர்மினல் என்பதில் வரும் டி கிடையாது, டிஸ்க் என்பதில் வரும் டி) சேர்த்துத் தொடங்கலாம்.

கண்ட்ரோல்-ஓ அழுத்தினால் ஷெல் வரவில்லை. அல்லது ஷெல் ஏற்கெனவே ஒரு கட்டளையை ஓட்டுகிறது என்ற செய்தி

எம்சிக்குப் பின்னால் ஒரு முழு ஷெல் உயிரோடு இருக்கிறது. கண்ட்ரோல்-ஓ பலகங்களை மறைத்து அதைக் காட்டும். மறுபடி அழுத்தினால் பலகங்கள் திரும்பும். அங்கே போய் ஒரு நிரலைத் திறந்து, அதை மூடாமல் கண்ட்ரோல்-ஓ அழுத்தித் திரும்பி வந்திருப்பீர்கள். இப்போது கட்டளை வரியில் எதைத் தட்டினாலும் ஷெல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது என்று எம்சி சொல்லும். மறுபடி கண்ட்ரோல்-ஓ அழுத்தி, அங்கே ஓடுவதை முடித்துவிட்டு வாருங்கள். எம்சியை மூடும்போது ஷெல் இன்னும் இயங்குகிறது, இருந்தாலும் வெளியேறவா என்று கேட்டால் அதுவும் இதேதான். அவசரப்பட்டு ஆம் என்று சொல்லாதீர்கள். எழுதிச் சேமிக்காத ஒரு கோப்பு அங்கே திறந்திருக்கலாம்.

தொடங்கும்போதே, இந்த டெர்மினலில் எம்சி ஏற்கெனவே ஓடுகிறது, துணை ஷெல் முடக்கப்படும் என்று செய்தி வந்தால், ஒரு எம்சிக்குள் இருந்துகொண்டு இன்னொன்றைத் திறந்திருக்கிறீர்கள். எஃப்10 அழுத்தி வெளியே வந்தால் பழையது அங்கேயே காத்திருக்கும்.

தொடங்கவே பல விநாடி ஆகிறது; ஃபோல்டர் மாறும்போதும் தயங்குகிறது

எம்சியை மைனஸ் யு சேர்த்துத் தொடங்குங்கள். இது துணை ஷெல் இல்லாமல் திறக்கும். இப்போது சட்டென்று திறந்தால் குற்றம் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் இருக்கிறது. நீங்கள் பலகத்தில் ஒரு ஃபோல்டருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் எம்சி பின்னால் இருக்கும் ஷெல்லையும் அதே ஃபோல்டருக்கு நகர்த்தி, அது தயார் என்று சொல்லும் வரை காத்திருக்கிறது. கட்டளை வரியின் முன்குறியில் (ப்ராம்ப்ட்) கிட் என்ற பதிப்பு மேலாண்மை நிரலின் களஞ்சிய நிலையைக் காட்டுவது போன்ற அலங்காரங்களை வைத்திருந்தால் அவை ஒவ்வொரு என்டருக்கும் ஓடும். பெரிய களஞ்சியத்தில் அது நன்றாகவே உறைக்கும். எம்சிக்குள் இருக்கும்போது மட்டும் முன்குறியை எளிமையாக வைத்துக்கொள்வது நல்லது.

மைனஸ் யு போட்டும் தயங்கினால் பலகத்தைச் சந்தேகப்படுங்கள். போன முறை மற்றொரு பலகம் எந்த ஃபோல்டரில் இருந்தது என்பதை எம்சி நினைவில் வைத்து, அதையே திறக்கிறது. அது இப்போது இணைப்பில் இல்லாத ஒரு நெட்வொர்க் வட்டாக இருந்தால் அதன் பதிலுக்காகக் காத்துக்கிடக்கும். கட்டளையோடு இரண்டு ஃபோல்டர் பாதைகளைக் கொடுத்துத் தொடங்கினால் இரண்டு பலகங்களும் நேராக அவற்றையே திறக்கும். பழைய நினைவை விட்டுவிடும்.

எம்சியை மூடினால் பழைய ஃபோல்டருக்கே வந்து நிற்கிறேன்

ஒரு நிரல் தன்னைத் தொடங்கிய ஷெல்லின் இடத்தை மாற்ற முடியாது. இதற்கென்று எம்சியோடு ஒரு சிறு உறை ஸ்கிரிப்ட் வருகிறது. எம்சி-ராப்பர் என்ற பெயரில் எம்சியின் நூலகக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் இருக்கும். அதைச் சாதாரணமாக ஓட்டினால் பயனில்லை. முன்னால் ஒரு புள்ளியும் இடைவெளியும் வைத்து, நடப்பு ஷெல்லுக்குள்ளேயே ஓடும்படி அழைக்க வேண்டும். அப்படி ஒரு மாற்றுப்பெயரை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டால் முடிந்தது. அந்தப் புள்ளியை விட்டுவிட்டுத்தான் பலர், ராப்பர் போட்டும் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

நான் சொன்ன கோப்பை விட்டுவிட்டு வேறு கோப்புகளை அழித்துவிட்டது

இதைப் படிப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படிக்க வேண்டும்.

எம்சியில் விதி ஒன்றுதான்: குறியிட்ட கோப்புகள் இருந்தால் எஃப்5, எஃப்6, எஃப்8 எல்லாம் அவற்றின்மேல்தான் பாயும். கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்க்காது. எதுவும் குறியிடவில்லை என்றால் மட்டுமே கர்சர் நிற்கும் கோப்பு. நீளமான ஃபோல்டரில் மேலே நாலு கோப்புகளைக் குறித்துவிட்டு, வேறு எதையோ தேடிக் கீழே இறங்கிவந்தால், குறித்தவை திரையில் தெரியாது. கீழே ஒரு குப்பைக் கோப்பில் நின்று எஃப்8 அழுத்தினால் மேலே இருப்பவைதான் போகும்.

எனக்கு இது ஒருமுறை நடந்தது. ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பிரித்து வைத்த ஒலிப்பதிவுகள் போயின. காப்புப் பிரதி இருந்ததால் மறுநாள் மீட்க முடிந்தது, ஆனால் அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எம்சியின் எஃப்8-க்குக் குப்பைத்தொட்டி கிடையாது. கோப்பு நேரடியாக அழிகிறது. எனவே இரண்டு இடங்களைப் பார்க்கப் பழகுங்கள். ஒன்று, பலகத்தின் அடிப்பகுதி: குறியிட்டவை இருந்தால் எத்தனை கோப்புகள், எவ்வளவு அளவு என்று அங்கே காட்டும். இரண்டு, எஃப்8 கேட்கும் கேள்வி: ஒரு கோப்பு என்றால் அதன் பெயர் இருக்கும், பல என்றால் எண்ணிக்கை இருக்கும். பெயரை எதிர்பார்த்த இடத்தில் எண் தெரிந்தால் உடனே எஸ்கேப்.

கான்ஃபிகரேஷனுக்குள் சேஃப் டிலீட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் அழிக்கும் பெட்டியில் கர்சர் முதலில் இல்லை என்ற பொத்தானில் நிற்கும். என்டரைக் கைப்பழக்கத்தில் தட்டினாலும் எதுவும் அழியாது. இதை இயக்காமல் எம்சியை யாருக்கும் அறிமுகப்படுத்தாதீர்கள்.

குறியிடுவதிலேயே சிக்கல் என்றால்: இன்சர்ட் விசை இல்லாத மடிக்கணினியில் கண்ட்ரோலோடு டி (இது டெர்மினலின் முதல் எழுத்து) அதே வேலையைச் செய்யும். கூட்டல் குறியை அழுத்தினால் ஒரு வடிவத்தைக் கேட்டுக் கூட்டமாகக் குறிக்க வேண்டும். பதிலாக அந்தக் குறி கட்டளை வரியில் போய் விழுந்தால், கட்டளை வரியில் ஏற்கெனவே ஏதோ எழுத்து கிடக்கிறது. அதை அழித்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். வடிவம் கொடுத்தும் எதுவும் குறிபடவில்லை என்றால் அதே பெட்டியில் ஷெல் வடிவமா ரெகுலர் எக்ஸ்பிரஷனா என்ற தேர்வு மாறியிருக்கும்.

பென்டிரைவுக்கு நகலெடுத்தால் அனுமதி இல்லை என்ற பிழை

கோப்பு போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் அதன் அனுமதியையோ உரிமையாளரையோ மாற்ற முடியவில்லை என்று ஒவ்வொரு கோப்புக்கும் சிவப்புப் பெட்டி வரும். இது ஐந்தாவது ஆளின் வேலை. பென்டிரைவுகளில் பரவலாக இருக்கும் ஃபாட் கோப்பு முறைமையில் யூனிக்ஸ் பாணி உரிமையாளர், அனுமதி என்பதற்கு இடமே கிடையாது. எஃப்5 பெட்டியில் ப்ரிசர்வ் ஆட்ரிப்யூட்ஸ் என்ற தேர்வை எடுத்துவிட்டால் பிழை நிற்கும். ஆனால் கோப்பின் பழைய தேதியும் அதோடு போய்விடும், புதிய தேதி விழும். புகைப்படங்களைத் தேதி வாரியாக வைத்திருப்பவர்கள் தேர்வை அப்படியே விட்டு, பிழைப் பெட்டியில் எல்லாவற்றையும் புறக்கணி என்று சொல்வது மேல். சூடோ போட்டு எம்சியை ஓட்டினால் பிழை இன்னும் கூடும், ஏனென்றால் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, ஓடும்போது உரிமையாளரையும் சேர்த்து மாற்றப் பார்க்கிறது.

பெரிய வீடியோ ஒன்று பாதியில் நின்று, கோப்பு மிகப் பெரியது என்று சொன்னால், ஃபாட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது என்பதே காரணம். வட்டில் இடம் எவ்வளவு இருந்தாலும் இதுதான் எல்லை. எக்ஸ்ஃபாட்டாக மாற்றி அமைக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். சில கோப்புகள் மட்டும் மறுக்கப்பட்டால் பெயரைப் பாருங்கள்: முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எல்லாம் ஃபாட்டில் செல்லாது.

இன்னொன்று. நகலெடுக்கும் பட்டை நூறு சதவீதத்தைத் தொட்டது, பென்டிரைவைப் பிடுங்கினீர்கள், வேறு கணினியில் கோப்பு பாதியாக இருக்கிறது. எம்சி எழுதியது முதலில் நினைவகத்தில் போய் உட்காருகிறது. கெர்னல் அதைப் பிறகுதான் வட்டில் இறக்குகிறது. முறையாக அன்மவுன்ட் செய்யுங்கள். அது முடிய நேரம் எடுத்தால் அவ்வளவு மிச்சம் இருந்தது என்று அர்த்தம்.

என்டர் அழுத்தினால் தவறான நிரலில் திறக்கிறது

எந்தக் கோப்பை எதில் திறப்பது என்பதை ஒரு நீட்டிப்புக் கோப்பு சொல்கிறது. எஃப்9, கமாண்ட் பட்டியல், எடிட் எக்ஸ்டென்ஷன் ஃபைல் என்று போனால் திறக்கலாம். மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். எனவே உங்கள் விதியைக் கடைசியில் எழுதினால் மேலே இருக்கும் பொது விதி முந்திக்கொள்ளும். உங்களுடையதை மேலே வையுங்கள்.

பல வருடம் ஓடிய சொந்த விதிகள் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு மொத்தமாக மறைந்துவிட்டனவா? 4.8.29 பதிப்பில் இந்தக் கோப்பின் பெயரும் வடிவமும் மாறிவிட்டன. பழைய கோப்பு அங்கேயே கிடக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். புதியது சதுர அடைப்புக்குள் தலைப்பு, கீழே ஷெல் அல்லது ரெஜெக்ஸ், ஓப்பன், வியூ என்று வரி வரியாகப் போகிறது. பழைய விதிகளைக் கையால்தான் மாற்றி எழுத வேண்டும். உட்கார்ந்தால் முடிகிற வேலைதான், ஒத்திப்போடாதீர்கள்.

ஜிப் கோப்புக்குள் நுழைய முடியவில்லை என்றால் அன்ஜிப் நிரல் கணினியில் இல்லை. எம்சி இதைத் தானே பிரிப்பதில்லை, வெளி நிரலை அழைக்கிறது. டார் கோப்புக்குள் நுழைய முடிகிறது, உள்ளே எதையும் சேர்க்க முடியவில்லை என்றால் அது இயல்பு. டார் படிக்க மட்டுமே.

எஃப்3 அழுத்தினால் கோப்பின் மூல எழுத்துகளைக் காட்டாமல் ஏதோ வடிகட்டிய வடிவத்தைக் காட்டுகிறது என்றால் ஷிஃப்ட்-எஃப்3 போடுங்கள்.

எஃப்2 பட்டியலில் நான் எழுதியது வரவில்லை

எம்சியை விரித்துக்கொள்ள இருப்பதிலேயே எளிய வழி எஃப்2 பட்டியல்தான். சில வரி ஷெல் தெரிந்தால் போதும். அதனால்தான் இதில் ஏமாற்றம் அடைந்து விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இடறும் இடங்கள் சிலவே.

தலைப்பு வரி இடது ஓரத்தில், முதல் கட்டத்திலேயே தொடங்க வேண்டும். அதன் முதல் எழுத்துதான் குறுக்குவிசை. கீழே வரும் கட்டளை வரிகள் இடைவெளி அல்லது டேப்பில் தொடங்க வேண்டும். இடைவெளி விடாமல் எழுதிய கட்டளை தனித் தலைப்பாகப் பட்டியலில் வந்து நிற்கும்.

நடப்பு ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் எம்சி.மெனு என்ற கோப்பு இருந்தால், உங்கள் சொந்தப் பட்டியலுக்குப் பதில் எம்சி அதைத்தான் எடுக்கும். ஒரு ஃபோல்டரில் மட்டும் பட்டியல் வேறாகத் தெரிவது இதனால். அந்தக் கோப்பை வேண்டுமென்றே வைத்தும் வரவில்லை என்றால் அதன் அனுமதியைப் பாருங்கள். உங்களுக்கோ ரூட்டுக்கோ சொந்தமாக இருக்க வேண்டும், மற்றவர் எழுதும்படி இருக்கக் கூடாது. யாரோ வைத்துவிட்டுப் போன கட்டளையை நீங்கள் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது.

பத்துக் கோப்புகளைக் குறித்தும் கட்டளை ஒன்றில் மட்டும் ஓடுகிறதா? சதவீதக் குறிக்குப் பின் எஃப் என்று எழுதியிருப்பீர்கள். அது கர்சர் நிற்கும் கோப்பை மட்டும் தரும். எஃப்புக்குப் பதில் எஸ் என்று எழுதினால் குறியிட்டவை அனைத்தும் வரும், குறியே இல்லையென்றால் நடப்புக் கோப்பு வரும்.

நிறம் மாறவில்லை, மாற்றிய அமைப்புகள் தங்கவில்லை

256 நிறத் தோல் (ஸ்கின்) ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் பழைய நீலமே வந்தால், டெர்மினல் தன்னை 256 நிறம் உள்ளதாக அறிவிக்கவில்லை. டெர்ம் என்ற சூழல் மாறியின் மதிப்பைப் பாருங்கள். ஒரே டெர்மினலில் பல ஷெல்களை ஓட்டும் டிமக்ஸ் போன்றவற்றுக்குள் இருக்கும்போது அது மாறிவிடும்.

அமைப்புகள் தங்காததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: எம்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஐஎன்ஐ கோப்பை எடிட்டரில் திறந்து திருத்துவது. எம்சி சேமிக்கும்போது தன் நினைவில் இருப்பதை எழுதி, உங்கள் திருத்தத்தை மூடிவிடும். எம்சியின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுத் திருத்துங்கள். மெனு வழியாக மாற்றியதே தங்கவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் சேவ் செட்டப் கொடுங்கள்.

எல்லாம் செய்தும் விளங்கவில்லை என்றால், முகப்பு ஃபோல்டரில் புள்ளி-கான்ஃபிக் என்பதற்குள் இருக்கும் எம்சி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு எம்சியைத் தொடங்குங்கள். பிரச்சினை போய்விட்டால் பழைய ஃபோல்டரிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். எதை வைத்ததும் பிரச்சினை திரும்புகிறதோ அந்தக் கோப்பைத் திறந்து படியுங்கள். போகவில்லை என்றால் பெயரைப் பழையபடி மாற்றிவிட்டு, மறுபடி கண்ட்ரோல்-வி சோதனையிலிருந்து தொடங்குங்கள்.